எந்த வில்சன்?

அன்புள்ள ஐயா,

அண்டம் தோன்றிய பெருவெடிப்பின் மிச்ச வெப்பத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் வில்சன் என்று எழுதியிருந்தீர்கள். மேக அறையைச் செய்தவரும் வில்சன், எறும்புகளை ஆராய்ந்தவரும் வில்சன் என்கிறாள் என் மகள். எல்லாம் ஒருவர்தானா? எங்கள் தெருவிலேயே இரண்டு வில்சன்கள் இருப்பதால் கேட்கிறேன்.

ம., நாகர்கோவில்

அன்புள்ள ம.,

மூவரும் வேறு வேறு ஆட்கள். தவறு என்னுடையது. பெயரின் வாலை மட்டும் எழுதிவிட்டுத் தலையை விட்டுவிட்டேன்.

உங்கள் தெரு வில்சன்களுக்கு அது சொந்தப் பெயர். ஆங்கிலம் பேசும் நாடுகளில் அது குடும்பப் பெயர். வில்லியத்தைச் செல்லமாக வில் என்பார்கள். வில்லின் மகன் வில்சன். 1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அந்தப் பெயர் நாடெங்கும் பெருகியது. வில்லியம்ஸ், வில்லியம்சன், வில்கின்சன் எல்லாம் அதே கொடியில் காய்த்தவை. நம் தலைப்பெழுத்து போல இதுவும் தகப்பன் பெயர்தான். நம்முடையது அடுத்த தலைமுறையில் மாறிவிடுகிறது, அவர்களுடையது அப்படியே உறைந்துவிட்டது. ஆகவே இரண்டு வில்சன்கள் என்றால் பங்காளிகள் என்று நினைக்க வேண்டியதில்லை.

மேக அறை சார்ல்ஸ் தாம்சன் ரீஸ் வில்சனுடையது. ஸ்காட்லாந்துக்காரர். 1894 செப்டம்பரில் பென் நெவிஸ் மலையுச்சி வானிலை நிலையத்தில் தங்கியிருந்தபோது, கீழே பரவிய மேகத்தில் வெயில் வரைந்த வண்ண வளையங்களைக் கண்டு சொக்கிப்போனார். அதைக் கண்ணாடிக் கலத்துக்குள் செய்துபார்க்கப் போய், கண்ணுக்குத் தெரியாத துகள்களின் தடத்தை நீர்த்துளிக் கோடுகளாகப் பிடித்துவிட்டார். 1927-இல் நோபல். மேகத்தை வேடிக்கை பார்த்ததற்கு இவ்வளவு பெரிய கூலி வேறு யாருக்கும் கிடைத்ததில்லை என்றே நினைக்கிறேன்.

நான் குறிப்பிட்டவர் ராபர்ட் வுட்ரோ வில்சன். (அமெரிக்க அதிபர் வுட்ரோ வில்சனின் பெயரே அதற்குள் இருக்கிறது பாருங்கள்.) 1964-இல் நியூ ஜெர்சியில் இவரும் ஆர்னோ பென்சியாசும் ஆண்டெனாவில் ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். ஆண்டெனாவில் இருந்த புறா எச்சத்தைச் சுரண்டிக் கழுவியும் அது போகவில்லை. அந்த இரைச்சல்தான் பெருவெடிப்பின் மிச்ச வெப்பம். 1978-இல் நோபல்.

எறும்புக்காரர் எட்வர்ட் வில்சன். சிறுவயதில் தூண்டிலில் சிக்கிய மீனின் முள் வலக்கண்ணைக் குத்திப் பார்வை போயிற்று. கண்ணருகே வைத்துப் பார்க்க முடிகிற சிற்றுயிர்களிடம் போய்ச் சேர்ந்தார்.

முதற்பெயர் சேர்த்தாலும் தப்ப முடியாது. இன்னொரு ராபர்ட் வில்சனும் இயற்பியலாளரே. அணுத்துகள்களைப் பெருவேகத்தில் முடுக்கி ஆராயும் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தைக் கட்டியெழுப்பியவர், ராபர்ட் ராத்பன் வில்சன். 1969-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றில், அங்கே கட்டும் துகள் முடுக்கியால் நாட்டின் பாதுகாப்புக்கு என்ன பயன் என்று ஒரு செனட்டர் கேட்டார். நாட்டைக் காக்க இது நேரடியாக உதவாது, காக்கத் தகுந்த நாடாக அதை ஆக்க உதவும் என்றார் இவர்.

என் கட்டுரையில் வுட்ரோவைச் சேர்த்துவிட்டேன். உங்கள் தெருவில் எந்த வில்சன் என்று எப்படிப் பிரித்துச் சொல்கிறீர்கள்?