மாசம் 500 ரூபாய்ல மழைக்கால ஸ்டாக்: கிரவுண்ட் ஃப்ளோர் வீட்டுக்கு என்ன வாங்கணும், எங்க வைக்கணும்?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்துல கிரவுண்ட் ஃப்ளோர்ல வாடகைக்கு இருக்கோம். நான், வீட்டுக்காரர் (டெலிவரி வேலை), ஆறு வயசு பையன், ஒன்றரை வயசு பொண்ணு, மாமியார். மாமியாருக்கு ரெண்டு வேளை இன்சுலின். மிக்ஜாம் புயல்ல முட்டி வரைக்கும் தண்ணி உள்ள வந்துச்சு, நாலு நாள் கரண்ட் இல்ல, குழந்தைக்குப் பால் கிடைக்கல. இந்த வருஷம் முன்னாடியே ரெடியாகலாம்னு பார்த்தா எமர்ஜென்சி கிட்டுன்னு 6,000, 7,000 சொல்றாங்க. என்னால மாசம் 500 ரூபாய்க்கு மேல ஒதுக்க முடியாது. மாமியார், "ஒரு மூட்டை அரிசி வாங்கிப் போடு, மத்ததெல்லாம் தானா நடக்கும்"ங்கிறாங்க. எதுல ஆரம்பிக்கிறது?

பதில்: மாமியார் சொல்றது தப்பில்ல, ஆனா அது மாடி வீட்டுக்கு. கிரவுண்ட் ஃப்ளோருக்கு மூட்டை அரிசி வேணவே வேணாம். இத நான் படிச்சு சொல்லல, பட்டு சொல்றேன். 2015 டிசம்பர்ல எங்க வீட்டுல 25 கிலோ பொன்னி அரிசி மூட்டைய கட்டிலுக்கு அடில தள்ளி வச்சிருந்தோம், ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி உள்ள வந்தப்ப குழந்தைய தூக்குறதா அம்மாவ கைப்பிடிச்சு மாடி ஏத்துறதான்னு இருந்தோமே தவிர மூட்டைய யாரும் திரும்பிக்கூட பார்க்கல, மூணாம் நாள் இறங்கி வந்தா அது ஊறி வெடிச்சு புளிச்ச நாத்தம், அத அள்ளிக் கொட்டவே அரை நாள் ஆச்சு.

அதுக்கப்புறம் குடியிருப்போர் சங்கங்களுக்கு மழைக்கால பயிற்சி எடுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து நான் முதல்ல கேக்குறது ஒரே கேள்விதான். நீங்க சேர்த்து வைக்கிறத பத்து நிமிஷத்துல, இருட்டுல, இடுப்புல ஒரு குழந்தையோட மாடிக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா? முடியாதுன்னா அது ஸ்டாக் இல்ல, பின்னாடி அள்ளிக் கொட்ட வேண்டிய குப்பை. கிரவுண்ட் ஃப்ளோர்ல இருக்கிறவங்க சேர்க்கிறது வீட்டுக்குள்ள உட்கார்ந்து சாப்பிடுறதுக்கு இல்ல, கிளம்பிப் போற இடத்துல நாலு நாள் சமாளிக்கிறதுக்கு.

நாலு நாள் ஏன்னு கேட்டீங்கன்னா உங்க ஏரியா அப்படி. மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரித் தண்ணியெல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் போகணும், அங்கேர்ந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் கோவளம் முகத்துவாரம் வழியா கடல். புயல் நேரத்துல கடலும் கொந்தளிச்சுக்கிட்டு இருக்கும், தண்ணிய சீக்கிரம் உள்வாங்காது. அதனால மழை விட்டு வெயில் அடிச்சாலும் உங்க தெருவுல தண்ணி அப்படியே நிக்கும். 2023 டிசம்பர் 3, 4 ரெண்டு நாள்தான் பேய் மழை, ஆனா உங்க பக்கம் தண்ணி எப்ப வடிஞ்சுதுன்னு உங்களுக்கே தெரியும்.

அதனால முதல் வேலைக்குக் காசே வேணாம். மாடி வீட்டுக்காரங்ககிட்ட இப்பவே, வெயில் அடிக்கிறப்பவே போய்ப் பேசுங்க. "அக்கா, ரெட் அலர்ட் விட்டா ரெண்டு பக்கெட்டும் மூணு தண்ணி கேனும் உங்க வீட்டுல கொண்டாந்து வைக்கிறோம், தண்ணி ஏறுனா நாங்களும் வருவோம்"னு நேரா கேட்டுடுங்க. மழைல நனைஞ்சுக்கிட்டு போய்க் கேக்குறதுக்கும் ஜூலைல ஒரு தட்டு பஜ்ஜியோட போய்க் கேக்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு. மாடில ஆள் இல்ல, ஒத்துவரலைன்னா மேட்டுல இருக்கிற சொந்தக்காரங்க யாருன்னு முடிவு பண்ணிடுங்க.

அடுத்து பக்கெட். பெயிண்டரு யாராவது தெரிஞ்சா 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் மூடியோட ரெண்டு கேட்டு வாங்குங்க, சும்மாவே தருவாங்க, இல்லாட்டி பழைய பிளாஸ்டிக் கடைல கிடைக்கும். நல்லா கழுவி வெயில்ல காய வச்சிடுங்க. அந்த மூடி இருக்கே, டப்புனு அழுத்திட்டா தண்ணி லேசுல உள்ள போகாது, கைப்பிடி இருக்கு, மிதக்கவும் செய்யும். சாப்பாட்டுப் பொருளை நேரா அதுல கொட்டாதீங்க, பாக்கெட்டாவோ டப்பாவாவோ போட்டுதான் உள்ள வைக்கணும். நீங்க பார்த்த 7,000 ரூபாய் கிட்டுல இருக்கிற பை இந்த வேலையத்தான் செய்யுது. அதுல விசிலு, காம்பஸு, அலுமினியத் தாள் மாதிரி போர்வைன்னு என்னென்னமோ இருக்கும், மடிப்பாக்கத்துல காம்பஸ் வச்சு நாம எங்க போகப்போறோம்? வாங்காதீங்க.

இப்ப ஜூலை. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூணாவது வாரத்துலதான் பிடிக்கும். ஆக உங்க கைல நாலு மாசம், 2,000 ரூபாய் இருக்கு. இது தாராளமா போதும்.

முதல்ல தண்ணி. குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர்னு வச்சா அஞ்சு பேருக்கு 15, நாலு நாளைக்கு 60 லிட்டர், அதாவது மூணு கேன். ஒரு கேன் ஏற்கனவே வீட்டுல ஓடிக்கிட்டு இருக்கும், இன்னும் ரெண்டுக்கு மட்டும் இந்த மாசம் டெபாசிட் கட்டி வாங்கி வைங்க, ரெண்டும் ஒரே நேரத்துல காலியாகாம மாத்தி மாத்தி பயன்படுத்துங்க. நிரம்புன கேன் 20 கிலோ, அத நீங்க தூக்க முடியாது, ஒவ்வொண்ணா வீட்டுக்காரர்தான் ஏத்தணும், அவரு அன்னிக்கு வண்டில எங்க மாட்டியிருப்பாரோ தெரியாது, அதனால அலர்ட் வந்த உடனே கேன் மாடிக்குப் போயிடணும், மத்ததுக்குக் கூட அவசரம் இல்ல. கூடவே காலி கூல்டிரிங்ஸ் பாட்டில் ரெண்டு லிட்டர் சைஸ்ல ஒரு ஆறு சேர்த்து வைங்க, அது நீங்களே தூக்கலாம். தண்ணி தீர்ந்து சந்தேகமான தண்ணிய குடிக்க வேண்டி வந்தா தளதளன்னு ஒரு நிமிஷமாவது கொதிக்கவிடுங்க. படிகாரம் போட்டா தண்ணி தெளியும், கிருமி சாகாது, நிறைய பேர் இதுலதான் ஏமாறுறாங்க. வெள்ளம் உள்ள போன சம்ப்புத் தண்ணிய கழுவக்கூட எடுக்காதீங்க, செப்டிக் டேங்க் தண்ணியும் அதுல கலந்திருக்கும், இறைச்சுக் கொட்டி பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுன பிறகுதான் மோட்டார் போடணும்.

இன்சுலின் விஷயத்துல நீங்க ரொம்ப பயந்து போயிருக்கீங்கன்னு உங்க லெட்டர்லயே தெரியுது, பயப்படாதீங்க. பிரிக்காத இன்சுலினுக்குத்தான் 2லேர்ந்து 8 டிகிரி ஃப்ரிட்ஜ் அவசியம். வெளிய எடுத்துட்டா பெரும்பாலான இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழ 28 நாள் வரைக்கும் தாங்கும், உங்க மருந்துக்கு எத்தனை நாள்னு டப்பாக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற சீட்டுல போட்டிருக்கும், ஒரு தடவ படிச்சுடுங்க. டிசம்பர் மழைல சென்னை 30 டிகிரிய எங்க தொடுது? அதனால நாலு நாள் கரண்ட் போனா மருந்து கெட்டுப் போகாது, வெளிய எடுத்த தேதிய டப்பா மேல எழுதிடுங்க, அவ்வளவுதான். மண் பானைக்குள்ள ஈர மணல் போட்டு வைக்கிற வித்தை மே மாச வெயிலுக்கு நல்லாயிருக்கும், அடைமழைல காத்துலயே ஈரம் இருக்கிறப்ப பெருசா குளிராது. சில பேர் பதட்டத்துல ஐஸ் கட்டிமேல நேரா வச்சிடுறாங்க, உறைஞ்ச இன்சுலின குப்பைலதான் போடணும். அதவிட முக்கியம் ஸ்டாக்கு. மருந்து தீரப்போற அன்னிக்குப் போய் வாங்குற பழக்கத்த செப்டம்பரோட விட்டுட்டு பத்து நாளைக்கு முன்னாடியே வாங்கிடுங்க, செலவு அதேதான், தேதி மட்டும்தான் முன்னாடி நகருது. ஊசியும் சேர்த்து. அத்தைக்கு சாப்பாடு குறையுற நாள்ல எத்தனை யூனிட் போடணும்னு டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி வாங்குங்க. சாப்பிடாம வழக்கமான டோஸ் போட்டு சுகர் இறங்கி மயங்குனா ஆம்புலன்ஸ் உங்க தெருவுக்குள்ள வர்றது கஷ்டம். பக்கெட்டுல அவங்க கைக்கு எட்டுற மாதிரி குளுக்கோஸ் பாக்கெட் ஒண்ணு கட்டாயம் இருக்கணும்.

சாப்பாடு. இங்கதான் எல்லாரும் காச விடுறாங்க. நீங்க வழக்கமா சாப்பிடாத எதையும் ஸ்டாக்குன்னு வாங்காதீங்க, ஏன்னா அது ஒரு வருஷம் கழிச்சு வண்டு பிடிச்சுதான் வெளிய வரும். அடுப்பே இல்லாம சாப்பிடுற மாதிரி இருக்கணும். கெட்டி அவல் ரெண்டு கிலோ, பொட்டுக்கடலை அரைக் கிலோ, வெல்லம் ஒரு கிலோ, வேர்க்கடலை, பேரீச்சம்பழம், பருப்புப் பொடி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், ஒரு ஊறுகாய். அவல பத்து நிமிஷம் ஊறவச்சு புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைஞ்சா புளி அவல், வெல்லம் போட்டா பையனுக்கு டிஃபன் (அத்தைக்கு வெல்லம் வேணாம், பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் கூட குடுங்க). மொத்தமும் ஏழெட்டு கிலோவுக்குள்ள ஒரே பக்கெட்டுல அடங்கிடும். இத அக்டோபர் முதல் வாரம் வாங்குங்க, மழை வராட்டி பொங்கலுக்குள்ள நீங்களே சாப்பிட்டுத் தீர்த்துடலாம். மளிகைக் கடைக்காரங்க ஷெல்ஃபுல பழசு முன்னாடி புதுசு பின்னாடின்னு அடுக்குவாங்க பாருங்க, அதே மாதிரி. ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 ரூபாய்தான், அத விட்டுடாம வாங்கி வீட்டுச் செலவுல மிச்சம் பிடிச்சீங்கன்னா இந்த பக்கெட்டுக்கான காசு அதுலயே பாதி வந்துடும். சிலிண்டர் ஒண்ணுதான்னா அக்டோபர் கடைசில பாதிக்குக் கீழ போக விடாம புக் பண்ணிடுங்க.

பொண்ணுக்கு பால் பவுடர் சின்ன பாக்கெட்டா நாலஞ்சு, பெரிய டப்பா வேணாம், பிரிச்சுட்டா அந்த ஈரத்துல கட்டி பிடிச்சுடும். ஒரு தடவ இப்பவே கலந்து குடுத்துப் பாருங்க, குடிக்குதா துப்புதான்னு வெள்ளத்தன்னிக்குத்தான் தெரியணும்னு இல்ல. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆறு, தீர்ந்துட்டா ஒரு லிட்டர் காய்ச்சி ஆறுன தண்ணில ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து, கூடக் குறைச்சல் இல்லாம. டயபர், நாப்கின், பாராசிட்டமால் சிரப், டெட்டால்.

வெளிச்சத்துக்கு சார்ஜ் ஆகுற எல்.இ.டி. பல்பு ஒண்ணு, செல் போடுற டார்ச் ஒண்ணு, டார்ச்சுல செல்ல உள்ள போட்டு வைக்காதீங்க, ஒழுகிடும், தனியா டேப் போட்டு ஒட்டி வைங்க. மெழுகுவர்த்தி வேணாம், குழந்தை இருக்கிற வீடு. பவர் பேங்க் டெலிவரி வேலை பார்க்கிறவர்கிட்ட கண்டிப்பா இருக்கும், புதுசு வாங்க வேணாம், அலர்ட் அன்னிக்கு ஃபுல் சார்ஜ்ல வீட்டுல விட்டுட்டுப் போகச் சொல்லுங்க.

காசு கொஞ்சம் கைல வைங்க, மாசம் நூறு நூறா எடுத்து வச்சாலும் பரவால்ல, பத்தும் இருபதும் அம்பதுமா. டவர் போயிட்டா யு.பி.ஐ. போச்சு. 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்ப பண மதிப்பிழப்பு அறிவிச்சு ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு, கைல நோட்டும் இல்ல, கார்டு தேய்க்க கரண்டும் இல்ல, பால் பாக்கெட்டுக்கு அக்கவுண்ட் எழுதி வச்சுட்டு வந்தவங்கள எனக்குத் தெரியும்.

ஆதார், ரேஷன் கார்டு, வாடகை அக்ரிமென்ட், அத்தையோட மருந்துச் சீட்டு எல்லாத்தையும் ஜிப் கவர்ல போட்டு பக்கெட்டுல. ஒரு பேப்பர்ல 1913 (மாநகராட்சி), 1077 (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை), 1070 (மாநிலம்), 108, மின்னகம் 94987 94987 (கரண்ட் புகாருக்கு), கூடவே வீட்டுக்காரர் நம்பரையும் எழுதுங்க, ஃபோன் செத்துட்டா புருஷன் நம்பர் எத்தனை பேருக்கு மனப்பாடமா தெரியும்?

கிளம்புற நேரத்துக்கு ஒரு கணக்கு வச்சுக்கோங்க. ரெட் அலர்ட்டுன்னா ஒரே நாள்ல 20 செ.மீ.க்கு மேல பெய்யலாம்னு அர்த்தம். அது வந்துச்சுன்னா கேனும் பக்கெட்டும் மாடிக்கு. தெருத் தண்ணி உங்க வாசல் முதல் படிய தொட்டுடுச்சுன்னா அத்தையும் குழந்தைங்களும் மாடிக்கு, அது சாயங்காலம் நாலு மணியா இருந்தாலும் சரி, "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்"னு ராத்திரி வரைக்கும் உட்காராதீங்க. போறதுக்கு முன்னாடி கால் நனையாத நேரத்துலயே மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணுங்க, சிலிண்டர் ரெகுலேட்டர கழட்டி மூடியப் போட்டு ஜன்னல் கம்பியோட கட்டிடுங்க, அது மிதக்கும். டாய்லெட் கோப்பைக்குள்ள ஒரு பாலித்தீன் பைல மணல் நிரப்பி இறுக்கி வைங்க, பாத்ரூம் ஓட்டைக்கும் ஒண்ணு. வாசல்ல மூட்டை அடுக்கிட்டு நிம்மதியா இருப்போம், அது பின்னாடி டாய்லெட் வழியா குபுகுபுன்னு ஏறி வரும், போன தடவ உங்க வீட்டுல முதல்ல எந்தப் பக்கமா வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. வண்டிய வேளச்சேரிக்காரங்க பாலத்துமேல கொண்டு போய் நிறுத்துறதப் பார்த்து ஊரே சிரிச்சுது, ஆனா பைக்தான் வீட்டுக்காரருக்குச் சம்பளமே, அவரையும் எங்கயாவது மேடா ஒரு இடம் பார்த்து வைக்கச் சொல்லுங்க.

பக்கெட் ரெடியானதும் ஒரு ஞாயித்துக்கிழமை, லைட்ட அணைச்சுட்டு, பொண்ண இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு தடவ மாடி ஏறிப் பாருங்க. மூச்சு வாங்குச்சுன்னா வெல்லத்துல அரைக் கிலோ குறைங்க. அத்தைகிட்ட அரிசி மூட்டை வேணாம்னு நேரா சொல்ல சங்கடமா இருந்தா, அஞ்சு கிலோ வாங்கி லாஃப்டுல ஏத்தி வச்சிடுங்க, தண்ணி வடிஞ்சு வீடு கழுவுன அன்னிக்கு முதல் சோறு அதுல பொங்கலாம்.