250 ரூபா வாக்க நம்பி ரப்பர் பாட்டம் எடுக்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் அருமனை பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. சொந்தமா மரம் கெடையாது, பக்கத்து விளையில, அதாவது தோட்டத்துல, 300 ரப்பர் மரத்த மூணு வருஷத்துக்குப் பாட்டம் (குத்தகை) பேசி வச்சிருக்காரு, 1,80,000 ரூபா, முழுசும் முன்பணம், வீட்டம்மா நகைய பேங்க்ல வச்சுதான் குடுக்கணும். "கடையில இப்ப 180 தான் போடுறாங்க, ஆனா எலெக்ஷன் மேடையில ஒரு தேசியக் கட்சிக்காரங்க வந்து வெளிநாட்டு ரப்பர தடுத்து கிலோ 250 ஆக்குவோம்னு சொன்னாங்க, அவங்க வலதுசாரி, சுதேசி பேசுறவங்க, சொன்னா செய்வாங்கன்னு மச்சினன் சொல்றான், இறங்கலாமா?" இதுதான் கேள்வி.

அண்ணே, இந்தக் கணக்குல இறங்காதீங்க. ஏன்னு நிதானமா சொல்றேன், ஏன்னா இது உங்க ஒருத்தருக்கு மட்டும் உள்ள கேள்வி இல்ல, குலசேகரம் திருவட்டார் பக்கமெல்லாம் இதே பேச்சு ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் ஓடுது.

மொதல்ல நீங்க குடுத்த கணக்கையே பாப்போம். வருஷம் 1000 கிலோ ரப்பர் ஷீட் கெடைக்கும்னு எழுதிருக்கீங்க. மரத்துல பால் வெட்டுற கூலி, ஆசிட், ரெயின் கார்டு, புகை போடுற செலவு எல்லாம் சேத்து கிலோவுக்கு 100. பாட்டம் வருஷத்துக்கு 60,000, அப்ப கிலோவுக்கு 60. நகைக்கு 9 சதவீதம் வட்டின்னா 16,200, அது கிலோவுக்கு 16. ஆக 176 ரூபா உங்க கை முதல். 180க்கு வித்தா வருஷம் முழுக்க விடியக்காலையில ஹெட்லைட் கட்டிட்டு மரத்தடியில நின்னதுக்கு மிச்சம் 4,000 ரூபா. 250க்கு வித்தா 74,000. நீங்க பாட்டம் எடுக்குறது மரத்த நம்பி இல்ல, அந்த 70 ரூபா வித்தியாசத்த நம்பி, அது மேடையில சொன்ன வார்த்தைய நம்பி. விலை 160க்கு எறங்குனா வருஷம் 16,000 கைய விட்டுப் போகும், நகையும் பேங்க்லயே கெடக்கும்.

இனி அந்த 70 ரூபா எங்க இருந்து வரும்னு பாக்கணும். இறக்குமதிய தடுப்போம்னு சொல்றது கேக்க நல்லா இருக்கு, ஆனா அதுக்கு ஒரு அளவு உண்டு. காய்ஞ்ச இயற்கை ரப்பருக்கு இறக்குமதி வரி 25 சதவீதம் இல்லன்னா கிலோவுக்கு 30 ரூபா, இதுல எது கொறைவோ அது, 2015ல இருந்து அப்படித்தான் போட்டிருக்கு. வெளிநாட்டு ரப்பர் இங்க 170க்கு வந்து எறங்குதுன்னு வச்சுக்கிடுங்க, 25 சதவீதம்னா 42 ரூபா 50 காசு, ஆனா 30 தான் கொறைவு, அதனால 30. அந்த 30 ரூபா வரம்ப எடுத்தாலும் 212 ரூபா 50 காசுக்கு மேல போகாது. 25 சதவீதத்த ஏத்த முடியாதான்னு கேப்பீங்க, உலக வர்த்தக அமைப்புல காய்ஞ்ச ரப்பருக்கு நம்ம நாடு ஒத்துக்கிட்ட உச்ச வரம்பே 25 தான், ரப்பர் பாலுக்கு 70 வரைக்கும் போகலாம், ஷீட்டுக்கு முடியாது. நாம ரப்பர விவசாயம்னு நெனைக்கிறோம், ஆனா அங்க அது தொழில் சரக்கு, நம்ம ரப்பர் போர்டும் டெல்லியில வர்த்தக அமைச்சகத்துக்குக் கீழதான் இருக்கு. கொப்பரைக்கு குறைந்தபட்ச ஆதரவு விலை இருக்கு, ரப்பருக்கு அந்த லிஸ்ட்ல எடமே இல்ல. இந்த ஒரு விஷயத்த நம்ம மாவட்டத்துல ஓட்டு கேட்டு வர்ற யாரும் மைக்க புடிச்சு சொல்றதில்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு.

ஒரேயடியா தடை போடுறதும் நடக்காது. நாட்டுல 2023-24ல உற்பத்தி எட்டரை லட்சம் டன், தேவை 14 லட்சம் டன் சுமாரு, மீதி வெளிய இருந்து வந்தே ஆகணும், இல்லன்னா டயர் கம்பெனி ஓடாது. ஏற்றுமதி பண்ற டயருக்கு வேணும்னு வரி இல்லாம ரப்பர் கொண்டு வர்றதுக்கும் வழி இருக்கு. காம்பவுண்ட் ரப்பர்னு கலவை பண்ணி கொறைஞ்ச வரியில கொண்டு வந்தாங்க, 2023 பட்ஜெட்ல அதுக்கும் 25 சதவீதம் இல்ல 30 ரூபான்னு ஏத்துனாங்க, அது நல்ல காரியம்தான், ஆனா ஆசியான்னு சொல்ற தென்கிழக்காசிய நாடுகளோட போட்ட ஒப்பந்தத்துல வர்ற சரக்குக்கு அந்த ஏத்தம் செல்லாது.

இப்ப மச்சினன் சொன்னதுக்கு வர்றேன், வலதுசாரின்னா சுதேசி, உள்ளூர்க்காரனுக்குப் பாதுகாப்பு தருவாங்கன்னு. அது பாதிதான் சரி. வலதுசாரிக் கட்சிக்குள்ள எப்பவும் ரெண்டு குரல் உண்டு, ஒண்ணு சந்தைய தொறந்து விடுங்கன்னு சொல்ற வியாபாரிக் குரல், இன்னொண்ணு நம்ம ஊர காப்பாத்துங்கன்னு கூட்டத்த எழுப்புற குரல். ராஜாஜி 1959ல சுதந்திரா கட்சி தொடங்குனப்ப பேசுனது முழுக்க லைசன்ஸ் பெர்மிட்டுக்கு எதிரா, சந்தைக்கு ஆதரவா. வாஜ்பாய் ஆட்சியில 2001 ஏப்ரல்ல இறக்குமதி அளவுக் கட்டுப்பாட எடுத்தாங்க, அதே வருஷம் செப்டம்பர்ல ரப்பருக்கு 32 ரூபா சொச்சம்னு குறைந்தபட்ச விலையும் அறிவிச்சாங்க, ரெண்டும் ஒரே ஆட்சிதான். மோடி ஆட்சி 2019 நவம்பர்ல பாங்காக்ல ஆர்செப்னு சொல்ற ஆசிய நாடுகளோட வர்த்தக ஒப்பந்தத்துல சேர மாட்டோம்னு வந்துட்டு, அது விவசாயி குரலுக்குப் பயந்த முடிவு. 2022ல இலவசத்த ரேவடின்னு கண்டிச்சதும் அதே கட்சிதான், 2023ல மத்தியப் பிரதேசத்துல பெண்களுக்கு மாசாமாசம் பணம் போட்டதும் அதே கட்சிதான். அமெரிக்காவுல பாருங்க, ரீகன் காலத்துல தாராள வர்த்தகம் பேசுன அதே கட்சியில இருந்து வந்த டிரம்ப் 2025ல நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டாரு. அதனால கட்சி நெறத்த வச்சு விலைய கணிக்காதீங்க. ரப்பர் விலை கூடுனா பத்து லட்சம் சிறு விவசாயி சந்தோசப்படுவான், ஆனா டயர் கம்பெனியும் லாரிக்காரரும் டெல்லியில போய் நிப்பாங்க, அமைச்சர் முன்னால யாருக்கு நாற்காலி போடுறாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கிடுங்க.

இடதுசாரியும் இதுல சளைச்சவங்க இல்ல. 2021ல கேரளத்துல இடதுமுன்னணி தேர்தல் அறிக்கையிலேயே 250 ரூபான்னு போட்டாங்க, குடுத்தது 170, அப்புறம் 2024ல 180, 2025 நவம்பர்ல 200. 2023 மார்ச்சுல தலசேரி ஆர்ச்பிஷப் பாம்ப்ளானி கிலோவுக்கு 300 தந்தா பாஜகவுக்கு கேரளத்துல எம்பி இல்லாத கொறைய தீத்து வைப்போம்னு பேசுனாரு, நாடே அதப் பத்திப் பேசிச்சு. 2024ல திருச்சூர்ல சுரேஷ் கோபி ஜெயிச்சு எம்பி வந்தாச்சு. அந்த ஆகஸ்ட்ல விலை 240 தாண்டவும் செஞ்சுது, ஆனா அது எம்பியால இல்ல, மழையில வெட்டு நின்னு சரக்கு வரத்து கொறைஞ்சதால, கொஞ்ச மாசத்துல திரும்ப எறங்கிட்டு. 2011லயும் 240 பாத்தோம், 2016ல 100க்குக் கீழ போனதும் இதே கண்ணாலதான் பாத்தோம், அப்ப பால் வெட்டாம காடா விட்ட விளை எத்தன.

வரியால 250 வராதுன்னா, அரசாங்கம் கையில இருந்து காசு குடுத்தாதான் உண்டு. உங்களுக்கு முக்கியமான எடம் இதுதான், கவனமா கேளுங்க. அப்படி குடுத்தாலும் அந்தக் காசு யார் பேருக்கு வரும்? கேரளத்துல உள்ள திட்டத்தப் பாருங்க, விவசாயி நிலவரி கட்டுன ரசீத வச்சு பதிவு பண்ணணும், வித்த பில்ல ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் வழியா ஏத்தணும், போர்டு சொல்ற ஆர்எஸ்எஸ் 4 (புகை போட்ட ஷீட்டுல ஒரு தரம்) கிரேடு விலைக்கும் ஆதரவு விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் பேங்க் கணக்குக்கு வரும், அதுவும் பல தடவ மாசக்கணக்குல பாக்கி. களியக்காவிளை தாண்டி பாறசாலையில உள்ளவருக்கு அது உண்டு, இந்தப் பக்கம் நமக்கு இல்ல. பிஎம் கிசான் 6,000 ரூபாயும் நிலம் யார் பேர்ல இருக்கோ அவருக்குத்தான். நீங்க பாட்டக்காரரு. நாளைக்கே 250னு நெசமாவே அறிவிச்சாலும் வித்தியாசத் தொகை விளைக்காரர் கணக்குல போய் விழும், உங்க கைக்கு கடைக்காரர் போடுற 180 தான்.

அந்த 180ம் எப்படி வருதுன்னு உங்களுக்கே தெரியும், ஷீட்ட வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு குமிழி இருக்கா, கருப்பு இருக்கான்னு பாத்துட்டு, மடக்கிப் பாத்துட்டு, ஈரம் இருக்குன்னு ரெண்டு ரூபா கொறைப்பாங்க. பேப்பர்ல போடுறது ஆர்எஸ்எஸ் 4 விலை, நம்ம ஷீட் எல்லாம் அந்தத் தரத்துல நிக்காது, மரத்துலயும் செரட்டையிலயும் ஒட்டிக் காயுற ஒட்டுப்பாலுக்கு அதுக்கும் கீழதான்.

அதனால விளைக்காரர்கிட்ட திரும்பப் போய் பேசுங்க. மூணு வருஷ முன்பணம் வேண்டாம், வருஷாவருஷம் தர்றேன்னு கேளுங்க, அப்ப நகை வைக்க வேண்டி வராது, கிலோவுக்கு வட்டி 16 ரூபா மிச்சம். இல்லன்னா வெளைச்சல்ல பாதிப் பாதி பங்குக்கு கேளுங்க, விலை எறங்குனா ரெண்டு பேருக்கும் எறங்கட்டும், ஏறுனா ரெண்டு பேருக்கும் ஏறட்டும். எப்படிப் பேசுனாலும் பத்திரத்துல எழுதுங்க, அதுல "அரசு மானியமோ ஊக்கத்தொகையோ வந்தா வெட்டுறவருக்கு இவ்வளவு பங்கு"ன்னு ஒரு வரி கண்டிப்பா இருக்கணும், வாய்ப்பேச்சு அன்னைக்கு நிக்காது. விக்கிற ஒவ்வொரு தடவையும் கடையில பில் கேட்டு வாங்குங்க, துண்டுச்சீட்டு செல்லாது. மரத்துக்கு வயசு 25 தாண்டிருந்தா பட்டை எவ்வளவு மிச்சம் இருக்குன்னு நாலு மரத்த கீழ இருந்து மேல வரைக்கும் தடவிப் பாத்துட்டு அப்புறம் கிலோ கணக்கு போடுங்க, 1000 கிலோ 800 ஆனா பாட்டமும் வட்டியும் சேந்தே கிலோவுக்கு 95 ரூபா ஆயிரும்.

ஓட்டு கேட்டு அந்தக் கட்சிக்காரங்க திரும்ப வந்தா, வேற எந்தக் கட்சி வந்தாலும், 250 எப்ப வரும்னு கேக்காதீங்க. வரியாலயா மானியத்தாலயா, எந்த அமைச்சகத்துப் பணம், பாட்டத்துக்கு வெட்டுறவனுக்கும் உண்டான்னு கேளுங்க.