பலன் ஊருக்கு, செலவு யாருக்கு? நிலமும் சூழலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரே நிலம் காடாக இருந்தால் விலை குறைவு, மனையாகப் பிரித்தால் பல மடங்கு. காட்டுக்கு அவ்வளவுதான் மதிப்பு என்றுதானே சந்தை சொல்கிறது?

பதில்: நிலத்துக்காரர் எதை விற்றுக் காசாக்க முடியுமோ, அதைத்தான் சந்தை விலை கணக்கில் எடுக்கும். மரத்தை விற்கலாம், மனையை விற்கலாம். மழைநீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடுகிற வேலைக்கு யாரும் பில் போடுவதில்லை, அதனால் அது விலையில் ஏறாது. பலன் கீழே குடியிருப்பவர்களுக்கு. வருமானத்தை விட்டுக்கொடுப்பவர் மேலே இருப்பவர். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன.

நியூயார்க் நகரம் இதைச் சரிக்கட்டிய விதம் பிரபலம். கேட்ஸ்கில் மலைப்பகுதியிலிருந்து வரும் குடிநீருக்குப் பிரம்மாண்டமான வடிகட்டும் ஆலை கட்டவேண்டிய நெருக்கடி 1990-களில் வந்தது. பல நூறு கோடி டாலர் செலவு. அதற்குப் பதிலாக 1997-இல் மலையூர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். விற்க விரும்பியவர்களிடம் நிலம் வாங்குவது, பண்ணைக் கழிவு ஓடையில் கலக்காமல் தடுக்கவும் பழுதான செப்டிக் டேங்குகளைச் சரிசெய்யவும் நகரமே பணம் தருவது என்று ஏற்பாடு. ஆலையைவிட இது மலிவு. ஆனால் எல்லாக் காட்டுக்குக் கீழேயும் வசதியான நகரம் ஒன்று உட்கார்ந்திருக்காது. இந்தக் கதையை மேடைதோறும் சொல்பவர்கள் அதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: என் நிலத்தில் கட்டக்கூடாது என்று அரசு தடுத்தால் நஷ்ட ஈடு தரவேண்டாமா?

பதில்: எதைத் தடுக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆற்றில் கழிவைக் கொட்டாமல் இருப்பதற்கு யாருக்கும் கூலி கொடுக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஒரு நன்மை வேண்டும், அதற்கான செலவு மட்டும் ஒருவர் தலையில் என்றால் ஈடு கேட்பது நியாயம். சிக்கல் என்னவென்றால், பல வழக்குகளில் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் லூகாஸ் என்பவர் 1986-இல் கடற்கரையில் இரண்டு மனைகளை 9,75,000 டாலருக்கு வாங்கினார். 1988-இல் வந்த கடற்கரைப் பாதுகாப்புச் சட்டம் அங்கே வீடு கட்டுவதைத் தடுத்தது. நிலத்தின் பொருளாதாரப் பயன் முழுவதையும் பறித்தால் பொதுவாக ஈடு தரவேண்டும் என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மாநில அரசு பணம் கொடுத்து அந்த மனைகளை வாங்கியது. வாங்கிய பிறகு, வீடு கட்டிக்கொள்ள விற்றுவிட்டது. செலவு அடுத்தவருடையதாக இருந்தவரை காக்கவேண்டிய கடற்கரை அது!

கேள்வி: பணம், பேரம் எதற்கு? கடுமையான சட்டம் போதாதா?

பதில்: சில நேரம் சட்டமே எதிரியாகும். அமெரிக்காவில் அரிதான மரங்கொத்தி ஒன்று வயதான பைன் மரங்களில்தான் பொந்து போடும். அது வந்து தங்கிவிட்டால் அந்தக் காட்டில் மரம் வெட்டக் கட்டுப்பாடு வரும். வட கரோலினாவில் நிலத்துக்காரர்கள் பலர் என்ன செய்தார்கள்? மரம் முதிர்வதற்குள் வெட்டினார்கள். பறவைக்காக வந்த சட்டத்தால் பறவைக்கு வேண்டிய மரமே போனது. 1995-இல் அங்கே வேறு வழிக்கு வந்தார்கள்: பறவைக்கு ஏற்றபடி காட்டைப் பராமரித்தால், புதிதாக வந்து சேரும் பறவைகளால் கூடுதல் கட்டுப்பாடு வராது என்று முன்கூட்டியே எழுதிக்கொடுப்பது.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காட்டை வைத்திருப்பவருக்கு அந்தப் பறவை சுமையாகத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பணம் கொடுத்தால் காடு நிலைக்குமா?

பதில்: கோஸ்டாரிகா 1996-இல் இதற்குச் சட்டமே போட்டது. எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்துக் காடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அங்கே காடு மீண்டதும் உண்மை. ஆனால் அதே சட்டம் காட்டை அழிப்பதையும் தடைசெய்தது. மாட்டு வளர்ப்பும் முன்போல் லாபமாக இல்லை. ஆகவே எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரிப்பது கடினம். அதோடு, எப்படியும் யாரும் வெட்டப்போகாத செங்குத்துச் சரிவுக்குப் பணம் போனால் அது வீண். இங்கே வெட்டுவதை நிறுத்தி, அடுத்த பள்ளத்தாக்கில் வெட்டினால் அதுவும் வீண்தான்.

கேள்வி: எதிர்காலப் பலனைக் கணக்கில் சேர்த்தால் காடுதானே ஜெயிக்கும்?

பதில்: அந்தப் பலனை எந்த வட்டி விகிதத்தில் இன்றைய மதிப்பாக மாற்றுகிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். 100 ஆண்டு கழித்துக் கிடைக்கும் 1,000 ரூபாயின் இன்றைய மதிப்பு, 5 சதவீதத்தில் 8 ரூபாய்க்கும் குறைவு. 1 சதவீதத்தில் சுமார் 370. காட்டின் தலையெழுத்தை அந்த ஒரு எண் தீர்மானித்துவிடுகிறது. திட்ட அறிக்கை கையில் கிடைத்தால் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

கேள்வி: பொது நிலம் என்றாலே பாழாகத்தானே செய்யும்?

பதில்: 1968-இல் அமெரிக்கச் சூழலியலாளர் கேரட் ஹார்டின் அப்படித்தான் எழுதினார். கேள்வி கேட்பார் இல்லாத நிலத்துக்கு அது சரி. ஊர் கூடி விதி வைத்த நிலத்துக்குச் சரிவராது என்று அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரம் காட்டினார். 2009-இல் பொருளாதார நோபல் பரிசும் பெற்றார். அவர் எடுத்துக்காட்டிய ஊர்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் டோர்பெல். குளிர்காலம் முழுக்க எத்தனை மாட்டுக்கு உங்களால் தீனி போட முடியுமோ, கோடையில் அத்தனை மாட்டைத்தான் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். 1517-இல் எழுதிவைத்த விதி இது.