அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியும் வீட்டில் அடைக்கும் தோட்டாவும்

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். அப்பா போன மாதம் காலமானார். அவர் பெயரில் லைசென்ஸ் உள்ள 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி, ஒரு பெட்டி பழைய தோட்டா, தோட்டா அடைக்கும் கைக்கருவி எல்லாம் வீட்டில் இருக்கின்றன. காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை. வெளிநாட்டில் செப்புக் குண்டு வைத்துத் தாங்களே தோட்டா அடைத்துக்கொள்கிறார்களே, நானும் செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்.

நீங்கள் பார்த்தது ரைஃபிள் சமாச்சாரம். ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது. அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். நீளக் குண்டு நிலையாகப் பறக்கக் குழலுக்குள் புரி (குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிப்பள்ளம்) நெருக்கமாக இருக்க வேண்டும். அந்தக் குண்டுக்கு ஏற்றபடிதான் அங்கே வெடிமருந்தைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கிறார்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது, அவர்களுக்கு வேறு வழியில்லை. அப்பாவின் துப்பாக்கிக் குழலில் புரியே கிடையாது, அந்தக் கணக்கு இதற்குப் பொருந்தாது.

நம் நாட்டில் தோட்டா அடைப்பதும் தயாரிப்புதான். ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 7 ஆண்டு சிறை.

ஒரு விலக்கு உண்டு. அதைக் காட்டித்தான் மலையில் பலரைக் குழப்புகிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். குழல் வாய் வழியாக வெடிமருந்தும் ஈய ரவையும் போட்டு இடிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தால், அதில் குறித்த அளவுக்கு மருந்தும் கேப்பும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வாங்கலாம். ஒவ்வொரு முறையும் நாமேதான் நிரப்பியாக வேண்டும், அது குற்றமில்லை. லைசென்ஸ் புத்தகத்தில் ஆயுத விவரத்தைப் பாருங்கள். நாட்டுத் துப்பாக்கிக்கு எஸ்.பி.எம்.எல். என்று இருக்கும், உங்களுடையதற்கு டி.பி.பி.எல். மூன்றாவது எழுத்து 'எம்' (மசில், அதாவது குழல் வாய் வழியாக நிரப்புவது) என்றால்தான் இந்த விலக்கு. 'பி' (பிரீச், அதாவது குழலின் பின்பக்கம் தோட்டா போடுவது) என்றால் கிடையாது, யார் என்ன சொன்னாலும் கிடையாது.

பழைய தோட்டாவை ஒன்று எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஏற்காட்டு ஈரத்தில் காகிதக் கூடு உப்பியிருக்கும், பித்தளை அடியில் பச்சை பிடித்திருக்கும். அதைச் சுடவும் கூடாது, பிரிக்கவும் கூடாது.

தோட்டாவைவிட எனக்குக் கவலை, துப்பாக்கி இன்னும் உங்கள் வீட்டில் இருப்பதுதான். லைசென்ஸ் அப்பாவோடு முடிந்துவிட்டது. நாளைக்கே துப்பாக்கி, தோட்டா இரண்டையும் ஏற்காடு காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படையுங்கள். ரசீதில் துப்பாக்கியின் நம்பரும் தோட்டா எண்ணிக்கையும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். அப்புறம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் வைத்துக் கலெக்டர் அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு விண்ணப்பியுங்கள்.

"பெயர் மாறும்வரை துப்பாக்கி உங்ககிட்டயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்று ஒரு புரோக்கர் வருவார். பணமும் கொடுக்காதீர்கள், லைசென்ஸ் புத்தகத்தையும் கொடுக்காதீர்கள். "ஒப்படைத்தால் திரும்பவே வராது" என்று பயமுறுத்தி, அடிமாட்டு விலைக்கு வாங்கப் பார்ப்பவர்களும் உண்டு. ஒப்படைத்த துப்பாக்கியையும் டீலருக்கோ லைசென்ஸ் உள்ளவருக்கோ முறைப்படி விற்கலாம், அவசரமே இல்லை. போலீஸ் அறிக்கை 30 நாளில் வர வேண்டும் என்று 2016 விதிகள் சொல்கின்றன. ஆனால் ஃபைல் மலைக்கும் சேலத்துக்கும் இடையே மாதக்கணக்கில் கிடக்கிறது. இந்த இழுத்தடிப்பு ஒன்றால்தான் புரோக்கர் பிழைக்கிறார்.

பன்றி விஷயம்: லைசென்ஸ் கைக்கு வந்தாலும் நீங்கள் சுட முடியாது. தமிழக அரசின் 2025 முடிவுப்படி வனத்துறைதான் சுடலாம், அதுவும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால். சேதமான இடத்தைச் சுத்தம் செய்வதற்கு முன்பே போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். மனு பெற்றதற்கு நகலில் முத்திரை வாங்குங்கள்.