பனிக்காலம் முழுக்க காரை நிறுத்தி வைப்பது எப்படி?

டொரோண்டோவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை காரை எடுக்கப்போவதில்லை, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் குளிரில் பத்து நிமிடத்துக்குள் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். ஸ்டார்ட் செய்ய இழுத்த கரண்ட்டும் பேட்டரிக்கு முழுசாகத் திரும்பாது.

பேட்டரிதான் முக்கியம். கார்களில் வழக்கமாக இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி முழு சார்ஜில் இருந்தால் மைனஸ் 50 டிகிரியையும் தாங்கும். சார்ஜ் தீர்ந்துபோனால் உள்ளே அமிலம் நீர்த்து, மைனஸ் 10-ஐத் தொடும் முன்பே உறைந்துவிடும். பெட்டி உப்பி விரிசல் விடும். அப்படி உப்பியதை மறுபடி சார்ஜ் போடவே கூடாது, ஆபத்து. கராஜில் பிளக் இருந்தால் பேட்டரி மெயின்டெய்னர் (சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சிறு சார்ஜர்) மாட்டுங்கள். இல்லையென்றால் கழற்றி எடுத்துவந்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.

பெட்ரோலில் அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவத்தைக் கலந்து, டேங்க்கை நிரப்பி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். அப்போதுதான் ஸ்டெபிலைசர், இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும். ஆயிலையும் நிறுத்தும் முன்பே மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்திருக்கும் அமிலம் ஐந்து மாதம் உள்ளே கிடக்க வேண்டாம்.

ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஒரு வருஷம் நான் போட்டுவிட்டேன். ஏப்ரலில் பின்சக்கரம் அசையவே இல்லை, பிரேக் பேட் துருவோடு டிஸ்க்கில் ஒட்டியிருந்தது.

எலி புகாமல் சைலன்சர் வாயில் கம்பி நாரை அடைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யும் முன் அதை எடுக்க வேண்டும் என்று ஸ்டீயரிங்கில் மறக்காமல் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.