பனிப்பூ வெட்ட வரவில்லை என்று பிள்ளை அழுதால்

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. வகுப்பில் குளிர்காலம் பற்றிப் பாடம் நடக்கிறது. காகிதத்தில் பனிப்பூ, அதாவது ஸ்னோஃப்ளேக், செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள். தாளை மடித்துக் கொடுத்தால் கத்தரிக்கோல் உள்ளேயே போக மாட்டேன் என்கிறது. இரண்டு தடவை முயன்றுவிட்டு அழுகிறான். கடைசியில் நானே வெட்டிக் கொடுக்கிறேன். பக்கத்தில் இரண்டரை வயது மகளும் “எனக்கும்” என்று நிற்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மகனிடம் ஒரு குறையும் இல்லை. தாள்தான் அவனுக்குத் தடிமனாகிவிட்டது. வழக்கமான முறையில் சதுரத் தாளைக் குறுக்காக மடித்து, மறுபடி பாதியாக்கி, அப்புறம் மூன்றாக மடிப்போம். எண்ணிப் பாருங்கள்: 2 அடுக்கு, 4 அடுக்கு, 12 அடுக்கு. பிரிண்டர் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன். பன்னிரண்டு சேர்ந்தால் அது தாளே இல்லை, அட்டை. அந்தப் பிஞ்சு விரல்கள் என்ன செய்யும்?

நடுவில் வரும் அந்தப் பாதி மடிப்பை விட்டுவிடுங்கள். சதுரத்தைக் குறுக்காக ஒரே தடவை மடித்தால் முக்கோணம் வரும். அதன் நீளப் பக்கத்தின் நடுப்புள்ளியில் விரலை அழுத்திக்கொண்டு, வலது மூலையை மேலே கொண்டுவந்து மடியுங்கள். இடது மூலையை அதன்மேல் மடியுங்கள். மூன்று பங்கும் ஒரே அகலமாக, ஐஸ்கிரீம் கோன் மாதிரி நிற்க வேண்டும். மேலே துருத்தும் முனைகளை, ஆறு அடுக்கும் சேர்ந்திருக்கும் இடமாகப் பார்த்து, நேராக நறுக்கிவிடுங்கள். இதுவரை உங்கள் வேலை. இனி அவனுடையது.

கோனின் நடுவே மேலிருந்து கீழாகப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். “இந்தப் பக்கத்திலிருந்து வெட்டு, கோடு வந்ததும் நிறுத்து” என்று சொன்னால் போதும். அப்புறம் மறுபக்கம். ஒரு ஓரத்தில் தொடங்கிய வெட்டு எதிர் ஓரம்வரை போய்விட்டால் பூ இரண்டாகிவிடும். அப்படி ஆனாலும் உள்ளே மிஞ்சும் துண்டு ஒரு குட்டிப் பூதான், தூக்கிப் போடாதீர்கள். இந்த வயதில் வளைவு எதுவும் கேட்க வேண்டாம். சின்னச் சின்ன ‘சரக்’ வெட்டுகள் எவ்வளவோ அழகாக விரியும்.

கத்தரிக்கோலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் வானத்தைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலான குழந்தைகள் கையைக் கவிழ்த்துப் பிடிப்பார்கள். அப்போது மணிக்கட்டு முறுகி, விசை போய்விடும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்கச் சொன்னால் கை தானாகச் சரியாகும். இன்னொன்று, மகன் இடது கைப் பழக்கமா? அப்படியென்றால் வலது கைக் கத்தரிக்கோலால் எவ்வளவு அழுத்தினாலும் அலகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கிக்கொள்ளும். இடது கைக்கென்றே அலகு மாற்றி அமைத்தது கிடைக்கும், அதை வாங்கிக் கொடுங்கள். பிள்ளைக்குக் கை வரவில்லை என்று பலர் நினைப்பது பல நேரம் இதுதான்.

தாள் மெல்லியதாக இருக்கட்டும். ஆனால் டிஷ்யூ தாள் வேண்டாம்; மழுங்கிய அலகுகளுக்கு நடுவே அது வழுக்கிக்கொண்டு போய் கசங்கும்.

பிரித்ததும் இதழ்களை அவனையே எண்ணச் சொல்லுங்கள். ஆறு இருக்கும். நிஜப் பனிப்பூவுக்கும் ஏன் ஆறு என்று 1611-இலேயே வானியலாளர் கெப்ளர் ஒரு சிறு நூல் எழுதி யோசித்தார். நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கோத்துக்கொள்கின்றன, அதனால்தான் ஆறு. நாலாக, எட்டாக மடித்த பூவும் அழகுதான், ஆனால் பனி அப்படி விழுவதில்லை. 1885-இலேயே பனிப்பூவை நுண்ணோக்கி வழியே படம்பிடித்த அமெரிக்கர் வில்சன் பென்ட்லி, வாழ்நாளில் 5000-க்கும் மேல் எடுத்தார். கறுப்புப் பின்னணியில் அவை வெள்ளையாக மின்னும். நீங்களும் கருநீலத் தாளில் ஒட்டுங்கள்.

மகளுக்குக் கத்தரிக்கோல் இப்போது வேண்டாம், கிழிக்கக் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசிய தாளைக் கிழித்தால், கிழிந்த இரண்டில் ஒன்றின் ஓரத்தில் வெள்ளை இழை தெரியும். அந்த வெள்ளை ஓரம் மேல்பக்கம் வரும்படி ஒட்டினால் பனி படிந்த மலை! தாளுக்கும் ஓட்டம் உண்டு: ஒரு திசையில் நேராகக் கிழியும், மறு திசையில் கோணிக்கொண்டு போகும். முதலில் நீங்கள் கிழித்துப் பார்த்து, நேராக வரும் திசையில் ஓரத்தில் லேசாகக் கீறிக் கொடுங்கள். இரண்டு கையாலும் கீறலுக்குப் பக்கத்திலேயே பிடித்து, ஒரு கையைத் தன்பக்கமும் மறு கையை வெளிப்பக்கமும் இழுக்க வேண்டும். தள்ளிப் பிடித்தால் கசங்கும்.

பசையைச் சின்னத் துண்டுகளில் தடவச் சொல்லாமல் அடித்தாளில் தடவச் சொல்லுங்கள். நீர்ப்பசை தாளை ஊறவைத்துச் சுருக்கிவிடும். க்ளூ ஸ்டிக் நல்லது. மணி, பொத்தான் எதுவும் அவள் கைக்கு எட்டக் கூடாது, வாய்க்குத்தான் போகும். கண்ணில் விழும் ஜிகினாத் தூளும் வேண்டாம்.

மடிப்பைப் பிரிக்கும் வேலையை மட்டும் தயவுசெய்து அவனிடமே விடுங்கள், ஒரு இதழ் கிழிந்தாலும் பரவாயில்லை. பிரித்த பூ சுருண்டுகொண்டு நிற்கும்; கனமான புத்தகத்துக்குள் ஓர் இரவு வைத்துவிட்டு ஒட்டுங்கள்.