விண்கப்பல் மாடல்ல மேட் கிளியர் வெள்ளையா பூத்துட்டா

சாம்பல் கலர் விண்கப்பல் மாடலுக்கு மேட் கிளியர் (பளபளப்பில்லாத, நிறமில்லாத மேல்பூச்சு) ஸ்ப்ரே அடிச்சது வெள்ளையா பூத்துட்டு, பெயிண்ட்டை உரிக்கணுமான்னு கேட்டிருக்கீங்க. உரிச்சிராதீங்க அண்ணாச்சி, அந்த வெள்ளைக்கு மேலயே கிளாஸ் கிளியர் (அதே பூச்சுல பளபளப்பான வகை) ஒரு கோட் அடிங்க, பெரும்பாலும் தெளிஞ்சிரும், காஞ்சப்புறம் மேட் போட்டுக்கலாம்.

தென்காசில சாரலுக்குள்ள மொட்டமாடில வச்சு அடிச்சேன்னு எழுதிருக்கீங்கல்லா, அதான் வினை. தின்னர் ஆவியாகும்போது மேப்பரப்பு குளுந்து காத்துல உள்ள ஈரம் அப்படியே படிஞ்சிரும். சாரல் நமக்குத்தான் சுகம், ஸ்ப்ரேக்கு இல்ல.

முதல்ல எஞ்சினுக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத மூலைல ஈர விரலை வச்சுப் பாருங்க, நனைஞ்ச இடத்துல மட்டும் பழைய சாம்பல் கலர் தெரிஞ்சு காஞ்சதும் திரும்ப வெளுத்தா கிளாஸுக்கு கேக்கும். கைக்கு சொரசொரன்னு இருந்தா அது வேற, தூரத்துலருந்து அடிச்சு காத்துலயே காஞ்ச பொடி, 2000 நம்பர் உப்புத்தாள்ல தண்ணி தொட்டு லேசா தேய்க்கணும்.

ஒண்ணு, லேக்கர் கிளியர்னா (காட்டமான தின்னர் உள்ள வகை) டீக்கல் மேல, அதான் மாடல்ல ஒட்டுற படம், அது மேல ஒரேடியா ஊத்திராதீங்க, சுருங்கிரும். துருப்பிடிச்ச மாதிரி காட்டப் பூசுற துரு வாஷ்லாம் வெயில் வந்தப்புறம் பாத்துக்கிடலாம்.